குடியை விடும் ஆளுக்கு முதல் மூன்று நாள்

திருகோணமலையில் குடியை விட நாள் பார்ப்பவர்கள் நிறையப் பேர். கதிர்காமப் பாதயாத்திரை, கந்தசஷ்டி விரதம், ஐயப்பனுக்கு மாலை போடும் கார்த்திகை முதலாம் நாள், பத்திரகாளி அம்மனுக்கு வைத்த நேர்த்தி, மகளுடைய சாமத்தியச் சடங்கு என்று ஏதாவது ஒன்றைச் சாட்டி, “இண்டையோட சரி” என்று சத்தியம் பண்ணுவார்கள். மனசாரத்தான் பண்ணுகிறார்கள். வீட்டிலும் விளக்கேற்றாத குறையாகச் சந்தோசப்படுவார்கள். ஆனால் பத்துப் பதினைந்து வருசம் நாள் தவறாமல் குடித்த உடம்புக்கு அந்தச் சத்தியத்தின் இரண்டாம், மூன்றாம் நாட்கள்தான் ஆபத்தான நாட்கள். சாராயம் குடித்துச் சாகிறவர்களை எல்லோருக்கும் தெரியும். சாராயத்தைத் திடீரென்று நிறுத்தியதால் சாகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது பல வீடுகளுக்குத் தெரியாது.

முதலில் அளவைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் “அவர் பெருசாக் குடிக்கிறேல்ல” என்றுதான் எல்லா வீட்டிலும் பேச்சுத் தொடங்கும். கடையில் விற்கும் சாராயத்தில் 33 முதல் 37 சதவீதம் வரை மதுசாரம் இருக்கிறது. அதன்படி ஒரு கால், அதாவது 180 மில்லிலீற்றர், ஏறக்குறைய 50 கிராம் தூய மதுசாரம். அரைப் போத்தல் 100 கிராம். முழுப் போத்தல் 200 கிராம். ஒரே இருப்பில் 60 கிராமுக்கு மேல் போனாலே உலக சுகாதார நிறுவனம் அதைக் கடுமையான குடி என்று கணக்கெடுக்கிறது. “பியர்தானே” என்று சொல்பவர்களுக்கும் ஒரு கணக்கு உண்டு: 8.8 சதவீத ஸ்ட்ரோங் பியர் 500 மில்லிலீற்றர் டின் ஒன்றில் 35 கிராம் இருக்கிறது. மூன்று டின் குடித்தால் அரைப் போத்தல் சாராயம் குடித்ததாகிவிடும். ஈரல் ஒரு மணித்தியாலத்துக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் கழிக்கும். இரவு ஒன்பது மணிக்கு அரைப் போத்தலை முடித்தவர் காலை ஏழு மணிக்கு முச்சக்கர வண்டியை எடுக்கும்போதும் உடம்பில் மதுசாரத்தோடுதான் எடுக்கிறார். தேசிக்காய்த் தண்ணியோ, தலையில் ஊற்றும் தண்ணியோ, கறுப்புக் கோப்பியோ அந்த வேகத்தைக் கூட்டாது.

இந்த அளவு வருசக்கணக்கில் போகும்போது மூளை தன்னை அதற்கேற்ப மாற்றிக்கொள்கிறது. மதுசாரம் நரம்புகளை அமர்த்தும். ஆகவே மூளை அதற்கு எதிராக நரம்புகளைத் தூண்டும் வேலையைக் கூட்டிக்கொண்டே போகும். கரைவலை இழுக்கும்போது கயிறு அறுந்தால் இழுப்பவர்கள் பின்னுக்கு விழுவதுபோல, சாராயம் நின்றவுடன் எதிர்த்துத் தூண்டிய வேகம் மட்டும் தனியே நிற்கிறது. வருகிற எல்லா அறிகுறியும் அந்த வேகத்தின் விளைவு.

கடைசியாகக் குடித்து 6 முதல் 12 மணித்தியாலத்துக்குள் கை நடுக்கம், வியர்வை, ஓங்காளம், நெஞ்சுப் படபடப்பு, எரிச்சல். காலையில் எழும்பியதும் நடுக்கம் நிற்க ஒரு மிடறு வேண்டியிருக்கிறது என்றால் அந்த ஆள் ஏற்கெனவே தினமும் இந்த முதல் கட்டத்துக்குள் போய் வருகிறார் என்று அர்த்தம். 6 முதல் 48 மணித்தியாலத்துக்குள் வலிப்பு வரலாம், முன்பு வலிப்பே வராதவருக்கும். 12 மணித்தியாலத்துக்குப் பிறகு இல்லாத சத்தம் கேட்கும், சுவரில் பூச்சி ஊர்வது தெரியும். 48 முதல் 96 மணித்தியாலத்துக்குள், அதாவது மூன்றாம் நான்காம் நாளில், சிலருக்குப் புத்தி பேதலித்த நிலை வரும். மருத்துவத்தில் இதை டெலீரியம் ட்ரெமென்ஸ் என்கிறார்கள். குடியை நிறுத்துபவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான் இது வருகிறது. ஆனால் வந்தவரைக் கவனிக்காமல் விட்டால் நூற்றுக்குப் பதினைந்து பேர் அளவிலோ அதற்கு மேலோ இறக்கிறார்கள். வைத்தியசாலையில் வைத்துப் பார்த்தால் அது ஐந்துக்கும் கீழே இறங்குகிறது.

அந்த மூன்றாம் நாள் இரவு எப்படியிருக்கும் என்று தெரிந்திருந்தால் பல உயிர்கள் தப்பும். ஆள் நித்திரை கொள்ளவே மாட்டார். உடம்பு நெருப்பாகக் கொதிக்கும், சேர்ட் நனைந்து முதுகில் ஒட்டும், நாடி நிமிசத்துக்கு நூறைத் தாண்டும். தான் எங்கே இருக்கிறோம் என்பது தெரியாது, பெண்சாதியைத் தாய் என்று கூப்பிடுவார். கை சும்மா இருக்காது. கடற்தொழில் செய்தவர் பாயில் இருந்தபடி இல்லாத வலையைக் கோர்ப்பார், பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் காற்றில் முடிச்சுப் போட்டு, நூலைப் பல்லால் அறுக்கப் பார்ப்பார். மேசன் வேலை செய்தவர் சுவரில் சாந்து பூசுவார். சாரதி ஸ்டியரிங் பிடிப்பார். செய்த தொழில் கையில் வருவது இந்த நிலையின் அடையாளங்களில் ஒன்று. பார்க்கிறவர்களுக்குப் பயமாக இருக்கும். “கடல்ல பிடிச்சது” என்றோ, “சுடலையடியால வந்தவர்” என்றோ சொல்லி நூல் கட்டி, வேப்பிலை அடித்து, கை காலைக் கட்டிப் போட்டுவிடுவார்கள். கட்டிப்போட்ட ஆள் திமிறத் திமிற உடம்பு இன்னும் சூடேறும், தண்ணீர்த்தன்மை இன்னும் வற்றும். நூல் கட்டுவதை யாரும் தடுக்கத் தேவையில்லை. அம்புலன்ஸ் வரும் வரைக்கும் நூல் கட்டலாம். 1990ஐ அழைத்தால் காசில்லாமல் வரும். திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக்கோ, மூதூர், கிண்ணியா, கந்தளாய்ப் பக்கமென்றால் அங்குள்ள ஆதார வைத்தியசாலைக்கோ கொண்டுபோக வேண்டும்.

வலிப்பு வந்தால் ஆளை ஒருபக்கமாகச் சரித்துக் கிடத்துங்கள், தலைக்குக் கீழே துணி வையுங்கள், நேரத்தைப் பாருங்கள். வாய்க்குள் கரண்டியும் வேண்டாம், கையில் திறப்புக்கோர்வையும் வேண்டாம். இரும்பு வலிப்பை நிறுத்தாது, கரண்டி பல்லை உடைத்து மூச்சுக்குழாய்க்குள் தள்ளும். ஐந்து நிமிடத்தில் நின்றுவிட்டாலும் வைத்தியசாலைக்குப் போகத்தான் வேண்டும். ஒன்று வந்தால் அடுத்தது பின்னால் வரலாம்.

நாள் குறித்து நிறுத்துகிறவர்களுக்குச் சொல்வது, மாலை போடுவதற்கு ஒரு கிழமை முதல் வைத்தியரைப் பாருங்கள் என்பதுதான். தினமும் அரைப் போத்தலோ அதற்கு மேலோ குடிப்பவர், காலையில் குடித்தே ஆகவேண்டியவர், முன்பு நிறுத்தியபோது வலிப்போ பிதற்றலோ வந்தவர், கிழமைக்கணக்கில் ஒழுங்காகச் சாப்பிடாதவர், காய்ச்சலோ சீனி வருத்தமோ உள்ளவர், இவர்களில் யாரும் வீட்டில் தனியே நிறுத்தக்கூடாது. வைத்தியரைக் காணும் வரைக்கும் ஒரேயடியாக நிறுத்தவும் வேண்டாம். போத்தலை வாங்கி ஊற்றுவது கோபத்துக்கு நல்லதுதான், அந்த ஆளின் உயிருக்கு நல்லதல்ல. வைத்தியசாலையில் டயஸிபாம் போன்ற மருந்தை முதலில் கூடுதலாகக் கொடுத்து ஐந்து முதல் ஏழு நாளில் படிப்படியாகக் குறைப்பார்கள். அதே குளுசையைப் பாமசியில் வாங்கி வீட்டில் கொடுக்க நினைக்காதீர்கள். சாராயமும் அதுவும் உடம்பில் சேர்ந்தால் மூச்சு அடங்கிவிடும்.

இன்னொன்று, சின்ன விசயம்போலத் தெரியும். களைத்துக் கிடக்கிற ஆளுக்குக் குளுக்கோஸ் கரைத்துக் கொடுப்பது, தெரிந்தவர் ஒருவரைக் கூப்பிட்டு வீட்டிலேயே குளுக்கோஸ் சேலைன் ஏற்றுவது. அரைப் போத்தலில் 700 கலோரி இருப்பதால் குடிப்பவருக்குப் பசி எடுக்காது. சாப்பிட்டாலும் வெள்ளைச் சோறும் பைட்ஸ் என்று நாலு துண்டுப் பொரியலும்தான். விற்றமின் பி1 உடம்பில் இரண்டு மூன்று கிழமைக்கு மேல் இருப்பில் நிற்காது. குடிப்பவரின் குடல் அதை ஒழுங்காக உறிஞ்சுவதுமில்லை. பி1 வற்றிய உடம்பில் சீனியை ஏற்றினால், இருந்த கொஞ்சமும் அந்தச் சீனியை எரிக்கவே செலவாகி மூளை பழுதாகும். கண் ஆடும், நடை தள்ளாடும், பேச்சுக் குழம்பும். அதைப் “வெறி இன்னும் இறங்கேல்ல” என்று விட்டால் நினைவு நிரந்தரமாகப் போய்விடும். காலையில் சாப்பிட்டதை மறந்து, கேட்டால் நடக்காத ஒன்றை நடந்ததாகச் சொல்லும் நிலை அது. நாற்பது வயதில் அப்படியானவர்களை வாழ்நாள் முழுக்கக் கைபிடித்து நடத்த வேண்டும். அதனால்தான் வைத்தியசாலையில் பி1 ஊசியை முதலில் போட்டுவிட்டுக் குளுக்கோஸைப் பிறகு ஏற்றுகிறார்கள். வார்ட்டில் சேர்க்கும்போது எவ்வளவு குடிக்கிறவர், கடைசியாக எத்தனை மணிக்குக் குடித்தார் என்ற இரண்டையும் வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

சொல்லாமல் விடுவதால் நடக்கும் அநியாயம் ஒன்று இருக்கிறது. மோட்டார் சைக்கிளில் விழுந்து கால் முறிந்தவர் வார்ட்டில் கிடக்கிறார். குடும்பம் மானத்துக்குப் பயந்து குடியைப் பற்றி வாயே திறக்கவில்லை. மூன்றாம் நாள் இரவு அவர் சேலைனைப் பிடுங்கிக்கொண்டு முறிந்த காலோடு இறங்கி நடப்பார். விளக்கமறியலில் இருப்பவருக்கும் இது நடக்கும். கொட்பே மீன்பிடித் துறைமுகத்திலிருந்து பலநாட் படகில் போகிறவர்களுக்கும் நடக்கும். கரையில் தினமும் குடித்தவர் ஏறும்போது ஒரு போத்தல் கொண்டுபோவார், அது முடிந்து இரண்டாம் நாள் கரை தெரியாத கடலில் வலிப்பு வரும், அல்லது யாரோ கூப்பிடுகிறார்கள் என்று தண்ணிக்குள் இறங்குவார். படகுக்கு ஆள் சேர்க்கும் சம்மாட்டிமார் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. கை நடுங்குகிற ஆளை ஏற்றாமல் விடுவது அவருக்குச் செய்யும் உதவி.

நிறுத்துவது இப்படியென்றால், நிறுத்தாமல் போனால் உடம்பு என்ன ஆகும் என்பதையும் பார்க்க வேண்டும். அங்கேயும் வீட்டார் ஏமாறுவது அறிகுறிகளுக்கு வேறு காரணம் கற்பித்துத்தான். கடுமையாகக் குடிக்கிற பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு ஈரலில் கொழுப்புப் படிந்திருக்கும். அதற்கு நோவும் இல்லை, அறிகுறியும் இல்லை, குடியை விட்டால் சில கிழமைகளில் கரைந்துவிடும். இந்தக் கட்டத்தில் யாரும் வருவதில்லை என்பதுதான் துக்கம். அடுத்தது ஈரல் அழற்சி, கண் மஞ்சளாகும். உடனே “செங்கமாரி” என்று கீழ்க்காய்நெல்லி அரைத்துக் கொடுத்து, பத்தியம் வைத்து, கண் கொஞ்சம் வெளுத்ததும் மாறிவிட்டது என்று திரும்பவும் கடைக்குப் போவார்கள். குடிப்பவருக்குக் கண் மஞ்சளாவது அந்த ஆண்டுக்குள்ளேயே உயிரை எடுக்கக் கூடிய விசயம், இரத்தப் பரிசோதனை இல்லாமல் விடக்கூடாது. அதற்கும் அடுத்தது ஈரல் சுருங்கித் தழும்பாவது. கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்னுக்குத் தள்ளும், கால் வீங்கும், நெஞ்சில் சிலந்தி வடிவில் சிவப்பு இரத்தக்குழாய் தெரியும், உள்ளங்கை சிவக்கும், ஆணுக்கு மார்பு பெருக்கும். இந்தக் கட்டத்தில் ஈரல் நொதிப் பரிசோதனை கிட்டத்தட்டச் சரியாகவே வரலாம், பழுதாக மிச்சம் அதிகம் இல்லாததால். “ரிப்போட் நோமல்” என்று ஆறுதல்படாமல் ஸ்கேனும், குருதிச் சிறுதட்டு (பிளேட்லெட்) எண்ணிக்கையும் கேளுங்கள்.

ஈரல் கைவிட்ட ஆளின் குழப்பத்தையும், குடியை நிறுத்தியதால் வரும் குழப்பத்தையும் வீட்டிலேயே ஓரளவு பிரித்தறியலாம். இரண்டு கையையும் முன்னுக்கு நீட்டி, விரலை விரித்து, மணிக்கட்டை மேலே மடித்துப் பிடிக்கச் சொல்லுங்கள், வாகனத்தை நில் என்று மறிப்பதுபோல. நிறுத்தியதால் வரும் நடுக்கம் என்றால் விரல்கள் சன்னமாக, வேகமாக அதிரும். ஈரல் காரணமென்றால் கை இருந்தாற்போலத் தொய்ந்து விழுந்து திரும்பவும் எழும், சிறகடிப்பதுபோல. கூடவே பகல் முழுக்க நித்திரையும் இரவு முழுக்க விழிப்புமாக இருப்பார். மலச்சிக்கலே இதைக் கூட்டிவிடும் என்பதால் ஈரல் நோயாளி இரண்டு நாள் வெளிக்குப் போகாவிட்டால் பொறுத்திருக்கக் கூடாது. எந்தக் குழப்பமானாலும் போகவேண்டிய இடம் வைத்தியசாலைதான்.

“காஸ்ட்ரிக்” என்று சொல்லப்படுவதற்குள் பெரிய வருத்தங்கள் ஒளிந்திருக்கின்றன. மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்கு ஊடுருவும் நோ, முன்னுக்குக் குனிந்து இருந்தால் கொஞ்சம் குறையும் என்றால் கணையம். இரத்தமாக வாந்தி, அல்லது தார் போலக் கறுத்து நாறும் மலம் என்றால் உணவுக்குழாயில் இரத்தக்குழாய் வெடித்திருக்கலாம், அது நிமிடக்கணக்கு. வயிற்றுக்கு வெளியேயும் அறிகுறிகள் உண்டு. காலில் எரிவு, செருப்புக் கழன்றதே தெரியாமல் நடப்பது நரம்புப் பழுது. வாய்ப்புண் மூன்று கிழமைக்கு மேல் ஆறவில்லை என்றால் காட்ட வேண்டும். வெற்றிலையோடு புகையிலையும் போட்டு, குடியும் இருந்தால் வாய், தொண்டைப் புற்றுநோய் வரும் வாய்ப்புப் பல மடங்கு. நோவுக்கு என்று பனடோலை இரண்டிரண்டாகப் போடும் பழக்கமும் பழுதான ஈரலுக்குக் கூடாது. நாளொன்றுக்கு 500 மில்லிகிராம் குளுசை நாலுக்கு மேல் வேண்டாம், டைக்ளோபினாக் போன்ற வலிக்குளுசைகள் இரத்தக் கசிவைக் கொண்டுவரும்.

கள்ளத்தனமாகக் காய்ச்சும் சாராயமான கசிப்பைப் பற்றிச் சுருக்கமாக. உயிரைக் கொல்வது பெரும்பாலும் காய்ச்சும்போது உண்டாவதல்ல, வெறி ஏற வேண்டுமென்று கலக்கும் தொழிற்சாலை ஸ்பிரிட்டில் உள்ள மெத்தனோல். 10 மில்லிலீற்றரே கண்ணைப் பறிக்கப் போதும். குடித்து 12 முதல் 24 மணித்தியாலம் கழித்துத்தான் பார்வை பனிபோல மங்கும், மூச்சு வாங்கும். அதை வெறியின் மிச்சம் என்று படுத்துவிடுவார்கள். ஒருவருக்குக் கண் மங்கினால் அந்தக் கானிலிருந்து குடித்த எல்லோரும், சுகமாக இருப்பவரும் சேர்ந்து, உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

வீட்டுக்குள் நடப்பதற்கு வருவோம். காசுக் கணக்கைச் சத்தம் போடாமல் ஒரு கொப்பியில் எழுதுவது பல குடும்பங்களுக்கு உதவியிருக்கிறது. நாளுக்கு அரைப் போத்தல் என்றால் மாதம் 15 முழுப் போத்தல், அன்றைய விலையால் பெருக்கிப் பார்த்தால் போதும். அதோடு வேலைக்குப் போகாத நாட்கள், கடைக் கொப்பிக் கடன், அடகு வைத்த தோட்டின் வட்டி. மாரியில் கடல் கொந்தளித்துத் தொழில் இல்லாத மாதங்களில்தான் குடியும் கூடுகிறது, நுண்கடனும் ஏறுகிறது. பெண்கள் பேரில் எடுத்த கடன் ஆண்களின் போத்தலுக்குப் போய், கிழமைத் தவணைக்கு ஆள் வரும்போது வாசலில் நிற்பது அவர்கள்தான். கரையில் பங்கு பிரிக்கும் இடத்திலேயே வீட்டுப் பங்கைப் பெண்சாதியின் கையில் கொடுக்கும் ஏற்பாட்டைச் சம்மாட்டியோடு பேசிச் செய்துகொண்ட குடும்பங்கள் உண்டு. ஆள் வெறியில்லாமல் இருக்கும் காலையில் அவரையும் வைத்துப் பேசினால்தான் அந்த ஏற்பாடு நிலைக்கும்.

பேசக் கூச்சப்படுகிற ஒன்றையும் பேசவேண்டும். நீண்ட காலக் குடி ஆணின் சுரப்பையும் நரம்பையும் கெடுத்து ஆண்மையைக் குறைக்கிறது. அதைக் குடியின் மேல் போடாமல், பெண்சாதியின் மேல் சந்தேகமாக மாற்றிக்கொள்பவர்கள் பலர். போனைப் பிடுங்கிப் பார்ப்பது, வேலைக்குப் போகும் வழியில் ஒளிந்து நிற்பது, பிள்ளை யாருடையது என்று கேட்பது. இந்தச் சந்தேகம் வழக்கமான வெறிச் சண்டையல்ல. குடிக்காத நேரத்திலும் தொடரும், அடியோடு மட்டும் நின்றுவிடாது. இதை மனநலப் பிரிவு வைத்தியரிடம் தனியாகச் சொல்லுங்கள். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம், 12 மாதம் வரை தருவார்கள், உங்களுக்காகப் பொலிசாரும் விண்ணப்பிக்கலாம். ஆளை விட்டுப் பிரியவேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. தொலைபேசி உதவி எண்கள்: பெண்களுக்கு 1938, பிள்ளைகளுக்கு 1929, மனநல உதவிக்கு 1926. தம்பலகாமம், மூதூர் போன்ற வயல் பக்கங்களில் இன்னொரு கவனம்: கிருமிநாசினியைப் பூட்டித் திறப்பை வேறு வீட்டில் வையுங்கள். வெறியில் சண்டை பிடித்துவிட்டு நினைக்காமல் குடித்துவிடுகிறவர்களுக்கு எட்டாமல் இருப்பதே பாதுகாப்பு.

குடியை மறக்கடிக்கும் பொடி என்று விற்பதைச் சோற்றில் கலந்து கொடுக்கும் ஆசை எல்லாப் பெண்சாதிமாருக்கும், தாய்மாருக்கும் வரும். அவற்றில் டைசல்பிராம் இருக்கலாம். அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, பிரஷர் விழுந்து, இதயம் நின்றும் போகலாம். அதன் வேலை இரண்டு கிழமை வரை இருக்கும். ஆள் அறிந்து, சம்மதித்து, வைத்தியர் மேற்பார்வையில் எடுத்தால் அது நல்ல மருந்து. தெரியாமல் கொடுத்தால் நஞ்சு. தெரிந்துவிட்டால் அந்த வீட்டில் அவர் பிறகு சோறே தின்னமாட்டார்.

நிறுத்திய பிறகு ஒரு கலியாணத்திலோ மரணவீட்டிலோ திரும்பத் தொடுபவர்கள் அதிகம். அப்போது இரண்டு விசயம் மாறியிருக்கும். சில மாதம் விட்டிருந்த உடம்புக்குப் பழைய அளவு தாங்காது, பழைய முழுப் போத்தலை எடுத்தால் மயங்கி, வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போய்ச் சாகலாம். படுத்தால் ஒருபக்கமாகக் கிடத்திக் காவல் இருக்க வேண்டும். அடுத்தது, மீண்டும் தினக்குடிக்குப் போய் ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் நடுக்கமும் வலிப்பும் முன்னையதைவிட மோசமாக வரும். ஆகவே, போனமுறை வீட்டிலேயே சமாளித்தோம் என்ற தைரியத்தில் இந்தமுறையும் வைத்துப் பார்க்க வேண்டாம். ஒருநாள் தொட்டவரைத் திட்டித் துரத்தாமல், தினமும் ஆவதற்கு முன் கிளினிக் கொப்பியோடு மறுநாளே கூட்டிக்கொண்டு போங்கள்.